எஸ்தோனியக் கம்பெனிகளோடு உங்கள் அனுபவம் எப்படி?

தாலினிலிருந்து:

படிக்க வந்த எஸ்தோனியத் தலைநகர் தாலினிலேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்தது, தங்கிவிட்டேன். எஸ்தோனியாவின் மக்கள்தொகை 13 லட்சத்தைச் சுற்றித்தான். மதுரையோடு அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்தால் வரும் கூட்டம், அவ்வளவுதான் மொத்த நாடும். நம் ஊரில் முதலில் பெங்களூரு, அப்புறம் சென்னை, வெளிநாட்டைப் பிறகு பார்க்கலாம் என்று பல வருஷம் ஓட்டலாம். இங்கே அதற்கு வழியே இல்லை. நான் சேர்ந்தபோது எங்கள் ஆப்பில் ஸ்பானிஷ் இருந்தது, போர்த்துகீசியம் இருந்தது, எஸ்தோனிய மொழி இல்லை! உள்ளூர்க்காரர்கள் ஆங்கிலத்திலேயே பயன்படுத்தினார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த ஆப்பில் நான் கண்டுபிடித்துச் சொன்ன பிழைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம், அதிலும் குறைந்தது இரண்டு எழுத்து. எனக்கு இருப்பது அப்பா பெயரின் ஒற்றை இனிஷியல். என் பெயரையே அடித்துப் பார்த்தேன், கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. டீம் லீட் வந்து, "இது எத்தனை பேருக்கு வரும்?" என்று கேட்டார். "தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு வரும்" என்றேன். சாயங்காலத்துக்குள் திருத்தி, இந்தோனேசியாவில் குடும்பப் பெயரே இல்லாமல் ஒற்றைப் பெயரோடு இருப்பவர்களுக்கும் சேர்த்து டெஸ்ட் எழுதச் சொன்னார். இந்தியாவில் நான் வேலை பார்த்த பெரிய இடத்தில் இதே புகார் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலிலேயே கிடந்தது. அங்கே அடுத்த மாநிலமே போதுமான சந்தை, இங்கே படிவத்தில் தடுக்கி விழுபவர்தான் அடுத்த வாடிக்கையாளர்.

இந்த ஊரில் எந்தப் பேச்சும் கடைசியில் ஸ்கைப்பில் போய் நிற்கும். 2003இல் இணையத்தில் போன் பேச வந்த அந்த ஆப்புக்கு நிரல் எழுதியவர்கள் தாலின்காரர்கள். 2005இல் ஈபே 260 கோடி டாலருக்கு வாங்கியதும், அந்தப் பொறியாளர்கள் தங்கள் பங்குக்குக் கிடைத்த காசை ஆம்பியன்ட் சவுண்ட் என்ற தங்கள் முதலீட்டு நிறுவனம் வழியாக முதலீடு செய்தார்கள். ஸ்கைப்பின் முதல் ஊழியர் தாவெத் ஹின்ரிகுஸ், கிறிஸ்தோ கார்மனோடு சேர்ந்து 2011இல் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வைஸைத் தொடங்கினார். ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடியே விட்டார்கள். அந்தக் காசும் ஆட்களும் இங்கேதான் சுற்றுகிறார்கள்.

மில்டன் கீன்ஸிலிருந்து:

இங்கிலாந்தில எங்கட பக்கம் 2018இல இருந்து ஸ்டார்ஷிப் எண்ட கம்பெனியின்ர ரோபோக்கள் ஓடுது. ஆறு சில்லு, வெள்ளைப் பெட்டி, தடியில ஒரு கொடி. பாலும் பாணும் கொண்டுவரும். மழைக்க வெளியில போக மனமில்லாத நாளில பெரிய உதவி. ஒருநாள் நடைபாதை ஓரத்தில ஏற ஏலாமல் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கொண்டு நிண்டது. என்ர சின்ன மகள் ஒரு தள்ளுத் தள்ளிவிட, அது நன்றி சொல்லிப்போட்டுப் போச்சுது. பிள்ளை ஒரு கிழமையா அதையே கதைச்சுக்கொண்டு திரிஞ்சா.

இதைத் தொடங்கின ரெண்டு பேரும் ஸ்கைப் ஆக்கள்தான், ஆத்தி ஹெய்ன்லாவும் ஜானுஸ் ஃப்ரீஸும், 2014இல. தாலின் பனியில ஓட்டிப் பழக்கின சாமானுக்கு இங்கத்தைய குளிர் ஒண்டும் செய்யாது.

வைஸ் பற்றியும் ஒண்டு. யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மாவுக்கு அதிலதான் காசு அனுப்புறன். நான் குடுக்கிற பவுண்ஸ் இங்கத்தைய கணக்கிலயே நிக்குது, அங்க இருக்கிற ரூபாயில இருந்து அம்மாவுக்குப் போகுது. தொடங்கினவையின்ர சொந்தக் கஷ்டத்தில வந்த யோசனை இது. ஒருத்தருக்குச் சம்பளம் யூரோவில, செலவு லண்டனில. மற்றவருக்குச் சம்பளம் பவுண்ஸில, வீட்டுக்கடன் எஸ்தோனியாவில. ரெண்டு பேரும் பாங்குக்குப் போகாமல் தங்களுக்குள்ள மாத்திக்கொண்டிருக்கினம்.

கோவையிலிருந்து:

எல்லாம் சரி, கொஞ்சம் கணக்கைப் பார்ப்போம். வைஸ் தலைமையகம் லண்டன், பங்கு பட்டியலானதும் 2021இல் லண்டனில்தான். ஸ்கைப்பை நிறுவிய இருவரில் ஒருவர் ஸ்வீடன், இன்னொருவர் டென்மார்க். இதையெல்லாம் எஸ்தோனியாவின் கணக்கில் எழுதுவது கொஞ்சம் ஓவர்.

என் அனுபவம் இ-ரெசிடென்சி. எஸ்தோனிய அரசு 2014 கடைசியில் கொண்டுவந்த திட்டம், வெளிநாட்டில் இருப்பவரும் அங்கே ஆன்லைனில் கம்பெனி பதிவு செய்யலாம். ஜெர்மனி கிளையன்ட் ஒருவருக்கு ஐரோப்பிய இன்வாய்ஸ் வேண்டியிருந்ததால் எடுத்தேன். டெல்லி தூதரகத்தில் கைரேகை வைத்துக் கார்டு வாங்கிவந்தேன். பதிவு உண்மையிலேயே சட்டென்று முடிந்தது, கார்டைச் செருகி பின் நம்பர் அடித்தால் கையெழுத்து. மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். ஒரு வங்கியில் கணக்கு கேட்டதற்கு, எஸ்தோனியாவோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை இங்கே, வருமான வரியும் இங்கேதான். இது விசாவும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் "அப்ப நீ இனிமே ஐரோப்பாக்காரன்" என்றார், சிரித்து வைத்தேன்.

தார் எஸ் ஸலாமிலிருந்து:

நம்ம கதை போல்ட், வாடகைக் கார் கூப்பிடும் எஸ்தோனிய ஆப். 2013இல் மார்குஸ் வில்லிக் 19 வயதில், பெற்றோரிடம் 5,000 யூரோ வாங்கி ஆரம்பித்தது, முதலில் பெயர் எம்டாக்ஸோ, பிறகு டாக்ஸிஃபை. 2017இல் லண்டனில் இறங்கி மூன்றே நாளில் போக்குவரத்து ஆணையம் நிறுத்தியது, 2019இல்தான் திரும்ப முடிந்தது. இடையில் ஆப்பிரிக்காவில் ஆழமாக இறங்கிவிட்டார்கள். இங்கே தான்சானியாவில் ஆப்பைத் திறந்தால் காருக்குப் பக்கத்திலேயே ஆட்டோ இருக்கிறது, புக் செய்தால் வாசலில் வந்து நிற்பது நம்ம பஜாஜ். கார்டு இல்லாதவர்தான் அதிகம் என்பதால் ரொக்கமும் வாங்குகிறார்கள். டிரைவர் போன் செய்து முதலில் கேட்பது எங்கே போகணும், ரொக்கமா என்று. சென்னையை விட்டு வந்த மாதிரியே இல்லை சார்!

2022இல் அரசு, டிரைவர்களிடம் இந்த ஆப்கள் பிடிக்கும் கமிஷனுக்கு 15 சதவீதம் உச்சவரம்பு வைத்தது. ஊபர் கடையை மூடியது, போல்ட்டும் பொதுமக்களுக்கு ஓட்டுவதை நிறுத்தியது. விதியைத் தளர்த்தியதும் 2023இல் வந்துவிட்டார்கள். அந்த மாதங்களில் தெருமுனையில் நின்று பேரம் பேசியது எனக்குத்தான் தெரியும். ஆனால் டிரைவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை, பெட்ரோல் விலை ஏறிய நேரம் அது.

தாலினிலிருந்து:

கோவை நண்பர் சொல்வதில் பாதி சரி. முதலீடும் வாடிக்கையாளரும் வெளியேதான், அதனால் தலைமையகமும் வெளியே போகிறது. ஆனால் வைஸின் பெரிய அலுவலகங்களில் ஒன்று இங்கே இருக்கிறது, போல்ட் தலைமையகமும் இங்கேதான். சம்பளமும் அதற்கான வரியும் இந்த ஊரில் விழுகிறது.

தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள், மொழி தெரியாமல் வரலாமா என்று. அலுவலகத்துக்கு ஆங்கிலம் போதும். நிரந்தரமாகத் தங்க அனுமதி வேண்டுமென்றால் எஸ்தோனிய மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு எழுதியாக வேண்டும். வேற்றுமை மட்டும் 14. நமக்கு எட்டுதான். சேர்ந்த முதல் மாதமே வகுப்புக்குப் போய்விடுங்கள்.