பாத்திரத்தை ரெக்கூப்பரேட் செய்ய முடியுமா?

பழைய வாத்தியார்: காவடி முடிந்து கோயிலிலிருந்து ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: ‘உங்கள் பாத்திரங்களை வெள்ளிக்கிழமைக்குள் ரெக்கூப்பரேட் செய்துகொள்ளுங்கள்.’ அதற்குக் கீழே ஒருவர், மொரிசியஸில் இதுதான் சரியான ஆங்கிலம் என்று வேறு எழுதியிருக்கிறார். ரெக்கூப்பரேட் என்றால் நோயிலிருந்து உடம்பு தேறுவது. சட்டிக்குக் காய்ச்சல் வருமா?

கத்ர்போர்ன்காரன்: அந்த ஒருவர் நான்தான், வாத்தியாரே. நேராகவே திட்டலாம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை ‘ரெகிப்பேர்’ பண்ணத்தானே தினமும் போகிறோம்? நம் பேச்சுமொழி கிரியோலில் இருக்கிறது, பிரெஞ்சில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் வந்தால் குடியா முழுகிவிடும்?

பழைய வாத்தியார்: பிரெஞ்சு வேறு, ஆங்கிலம் வேறு. பிரெஞ்சுச் சொல் பொருளை வாங்கி வருவதற்கும் ஆகும், உடம்பு தேறுவதற்கும் ஆகும். ஆங்கிலத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. ‘கலெக்ட்’ என்று எழுதக் கை வலிக்கிறதா? தீவு 1810-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்னும் நாம் பிரெஞ்சுக்கு ஆங்கிலச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறோம். மறுபடியும் கேட்கிறேன், சட்டிக்குக் காய்ச்சல் வருமா?

மழைக்காகம்: அகராதியில் இரண்டு பொருளும் உண்டு. நோய்க்குப் பிறகு தேறுவது ஒன்று, போன பணத்தையோ நஷ்டத்தையோ மீட்பது இன்னொன்று. லத்தீனில் மூலச் சொல்லுக்குத் திரும்பப் பெறுவது என்றுதான் அர்த்தம். ரெக்கவர் என்பதும் அதே வேர், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது.

கத்ர்போர்ன்காரன்: கேட்டீர்களா! நஷ்டத்தை மீட்கலாமாம், பாத்திரத்தை மட்டும் மீட்கக் கூடாதாம்.

பழைய வாத்தியார்: நஷ்டம் என்பது கையைவிட்டுப் போனது. பாத்திரம் எங்கேயும் போகவில்லை, கோயில் அலமாரியில்தான் இருக்கிறது. போகாததை எப்படி மீட்பீர்கள்?

கோரமண்டல் அக்கா: உங்கள் பாத்திரம் அலமாரியில் இருக்கலாம். போன காவடிக்கு நான் கொடுத்த பித்தளை அண்டா இன்றுவரை வரவில்லை. அது எந்தக் கணக்கு, வாத்தியார் ஐயா?

பழைய வாத்தியார்: அம்மா, அது கமிட்டி விஷயம். இங்கே சொல்லைப் பற்றிப் பேசுகிறோம்.

கோரமண்டல் அக்கா: போன வருஷக் கமிட்டியில் யார் இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மழைக்காகம்: உடம்பு விஷயத்திலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. ‘ரெக்கவர்ட்’ என்றால் குணமாகிவிட்டது. ‘ரெக்கூப்பரேட்டிங்’ என்றால் இன்னும் தேறிக்கொண்டிருக்கிறார். 2006-இல் சிக்குன்குன்யா வந்தபோது பலருக்குக் காய்ச்சல் விட்டும் மூட்டுவலி மாதக்கணக்கில் விடவில்லையே, அந்த நிலைக்குப் பொருந்துகிற சொல் இது. லீவு கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

கத்ர்போர்ன்காரன்: வாத்தியாரே, போகாததை மீட்க முடியாது என்றீர்கள். அக்காவின் அண்டா போய்விட்டது. அப்படியானால் அதையாவது ரெக்கூப்பரேட் செய்யலாம் அல்லவா?

பழைய வாத்தியார்: அண்டாவுக்கும் காய்ச்சல் வராது.

சென்னையிலிருந்து வந்தவன்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் பொருளை வாங்கிக்கொள்வதற்கு யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கத்ர்போர்ன்காரன்: ‘ஆவன செய்யுங்கள்’ என்பதற்கு ‘டூ த நீட்ஃபுல்’ என்று கடிதம் முடிக்கிற ஊரிலிருந்து எங்களுக்குப் பாடம் வேண்டாம், தம்பி.

பழைய வாத்தியார்: அந்தத் தம்பியை விடுங்கள். ‘நீட்ஃபுல்’ வெள்ளைக்காரனே ஒரு காலத்தில் எழுதியதுதான்.

கத்ர்போர்ன்காரன்: ஓ, வெள்ளைக்காரன் எழுதினால் பழைய வழக்கு, நம் ஜனம் எழுதினால் காய்ச்சல்! இதைத்தான் எதிர்பார்த்தேன்.

சென்னையிலிருந்து வந்தவன்: நான் ‘நீட்ஃபுல்’ எழுதுவதே இல்லை, அண்ணா.

பழைய வாத்தியார்: கேம்பிரிட்ஜ் பரீட்சைத் தாளில் இப்படி எழுதிப் பாருங்கள், சிவப்பு மையில் பதில் வரும்.

கத்ர்போர்ன்காரன்: அந்த ஸ்கூல் சர்டிஃபிகேட் பரீட்சையில் எனக்கு ஆங்கிலத்தில் கிரெடிட்.

பழைய வாத்தியார்: எந்த வருஷம்?

கத்ர்போர்ன்காரன்: 1994.

பழைய வாத்தியார்: அந்த வருஷத் தாள் சுலபம். இன்னும் மூன்று விஷயம் பாக்கி இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.