விளக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் 'மோடு': நிலையா, முறையா, பாங்கா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

வணிகக் கட்டடங்களின் விளக்குகளை வலையமைப்பில் கோத்துக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்கான கையேட்டையும், அதனுடன் வரும் கைப்பேசிச் செயலியின் திரைச்சொற்களையும் தமிழாக்கும் பணியில் சில மாதங்களாக இருக்கிறேன். உணரி, வலையமைப்பு, நுழைவாயில் (கருவிகளை வெளி வலையமைப்போடு இணைக்கும் பெட்டி) போன்றவற்றுக்கெல்லாம் பழகிய சொற்கள் இருப்பதால் அவை தொல்லை தரவில்லை. என்னை மிகவும் அலைக்கழித்தது, பார்வைக்கு மிக எளிதாகத் தோன்றும் 'மோடு' என்ற ஆங்கிலச் சொல்தான்.

முதல் வரைவில் அதற்கு 'நிலை' என்று எழுதிவிட்டேன். நாம் எல்லாவற்றுக்கும் போடுகிற சொல் அது என்பதால் அப்போது உறுத்தவில்லை. திரையில் அது எப்படி வந்தது என்றால், ஒரே பக்கத்தில் 'நிலை: தானியங்கு' என்று ஒரு வரி, அதன் கீழே 'நிலை: 50%' என்று ஒரு வரி, அதற்கும் கீழே 'நிலை: இணைப்பில் உள்ளது' என்று இன்னொரு வரி. சோதித்துப் பார்க்க வந்த மின்பணியாளர் செய்ய வேண்டியது, ஆளைக் கண்டதும் கூட்ட அறையின் விளக்குகள் தாமாக எரிவதை நிறுத்துவது. அவர் 'நிலையை மாற்று' என்பதைத் தொட்டு 50 என்று இருந்ததை 0 ஆக்கிவிட்டார். அதன் பிறகு உணரி ஆளைக் காண்கிறது, கட்டளையும் போகிறது, விளக்கு சுழிய அளவில் 'எரிகிறது'. அவர் ஏணி போட்டு உணரியைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் குற்றம் என் மொழிபெயர்ப்பினுடையது என்று தெரிந்தது.

ஆகவே சொல்லுக்குப் போகும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். விளக்கு இப்போது எரிகிறதா, அணைந்திருக்கிறதா, மங்கிக்கொண்டிருக்கிறதா என்பது நிலை. எவ்வளவு எரிகிறது என்பது ஒளியளவு. ஆள் வந்தால், ஆள் போனால், விசையை அழுத்தினால், வெயில் ஏறினால் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துவைத்த நடத்தைதான் 'மோடு'. அது விளக்கு அணைந்திருக்கும்போதும் நடைமுறையில் இருக்கிறது, யாரும் கருவியைத் தொடாதபோதும் நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் பிரிவினை தரநிலைகளிலேயே இருக்கிறது. விளக்குகளைக் கம்பிவழியே கட்டுப்படுத்துவதற்கான, டாலி எனப்படும் ஐஇசி 62386 தரநிலையை எடுத்துக்கொண்டால், ஒரு கம்பித்தடத்தில் 64 முகவரிகள், 16 குழுக்கள், ஒவ்வொரு விளக்குக்கும் 16 காட்சிகள் (முன்பே பதிந்துவைத்த ஒளியமைப்புகள்) என்று கணக்கு. ஒளியளவு 0 முதல் 254 வரையிலான எண்ணால் குறிக்கப்படுகிறது. கண் ஒளியை உணரும் விதத்தை ஒட்டி மடக்கை வளைவில் அது அமைந்திருப்பதால், பாதி ஒளிக்கு 127 அன்று, 229 அனுப்ப வேண்டும். இவை எல்லாம் அளவுகள். இதே தரநிலையில் 'இயங்கும் மோடு' என்று தனியே ஒரு எண் உண்டு: 0 என்றால் தரநிலை சொல்லும் நடத்தை, 128 முதல் 255 வரை உற்பத்தியாளர் தமக்கென வகுத்துக்கொள்ளும் நடத்தைகள். அளவுக்கான எண்ணையும் மோடுக்கான எண்ணையும் ஒரே தமிழ்ச்சொல்லால் சுட்டினால், 200 என்ற எண்ணைப் பார்க்கும் மின்பணியாளர் அது எதைச் சேர்ந்தது என்று எப்படி அறிவார்?

கருவிகளைக் கம்பியின்றி வலையாகக் கோக்கும் புளூடூத் மெஷ் தரநிலை இன்னும் சுவையானது. அதன் விளக்குக் கட்டுப்படுத்தி வரிசையாகப் பல நிலைகளின் வழியே நகர்கிறது. காத்திருக்கிறது, ஒளி கூடுகிறது, முழுமையாக எரிகிறது, சற்று மங்குகிறது, மங்கிய ஒளியிலேயே சிறிது நேரம் நீடிக்கிறது, மீண்டும் காத்திருப்புக்குத் திரும்புகிறது. இவற்றுக்கெல்லாம் 'நிலை' பொருந்தும். ஆனால் ஆளிருப்பு குறித்த 'மோடு' என்று அதில் ஒரு சிறு மதிப்பு இருக்கிறது. அது 1 என இருந்தால் ஆள் வந்த செய்தி கிடைத்ததும் கட்டுப்படுத்தி காத்திருப்பிலிருந்து எழலாம். 0 என இருந்தால் அந்தச் செய்தி வந்தாலும் எழாது, யாராவது விசையைத் தொட்டால்தான் எழும். நிலைகளின் வரிசை இரண்டிலும் அதேதான், எந்த நிகழ்வு எந்தக் கதவைத் திறக்கும் என்பது மட்டுமே மாறுகிறது. (அத்தரநிலையின் ஆவணம் இந்த மதிப்பையும் 'மோடு என்னும் நிலை' என்று வகைப்படுத்திக் குழப்புகிறது. நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.)

இனிச் சொற்கள். 'முறை' நல்ல சொல்தான், ஆனால் 'இயக்க முறை' என்று சேர்த்தவுடன் சிக்கல் வருகிறது. கணினியுலகில் 'இயக்க முறைமை' என்பது இயங்குதளத்தைக் குறிக்க வழங்குகிறது, நமது கருவிகளுக்கும் இயங்குதளம் உண்டு. ஒரே பட்டியலில் 'இயக்க முறைமையைப் புதுப்பி', 'இயக்க முறையை மாற்று' என்று இரண்டும் அடுத்தடுத்து வந்தால், சிறிய திரையில் அந்த 'மை' எத்தனை பேர் கண்ணில் படும்? 'செயல்முறை' என்றால் படிப்படியாகச் செய்யும் வேலை என்ற பொருள் ஊன்றிவிட்டது. புள்ளியியலில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு நாம் 'முகடு' என்கிறோம், அது அங்கே மிகப் பொருத்தம், இங்கே உதவாது.

நான் பரிந்துரைப்பது 'பாங்கு'. 'அவர் பேசும் பாங்கு', 'நடந்துகொள்ளும் பாங்கு' என்று நாம் சொல்லும்போது ஒரு நொடியின் நிலையைச் சொல்வதில்லை, தொடர்ந்து வெளிப்படும் தன்மையைச் சொல்கிறோம். கருவியின் மோடும் அதுவே. தொழுகைக்கான அழைப்புக்கும் தமிழில் பாங்கு என்ற சொல் உண்டு என்பதை அறிவேன். அது வேறு மூலத்திலிருந்து வந்த வேறு சொல், விளக்குத் திரையில் இரண்டும் மயங்க வாய்ப்பில்லை. பொதுப்பெயராக 'இயங்குபாங்கு' என்று, இயங்குதளத்தைப் போலவே வினைத்தொகையாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இரண்டு முதன்மையான பாங்குகளின் பெயர். ஆங்கிலத்தில் ஒன்றை 'ஆளிருப்பு', மற்றதை 'ஆளின்மை' என்று பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள். அதே கருவி, அதே உணரி, ஆள் போனதும் தாமத நேரம் கழித்து அணைப்பதும் இரண்டிலும் உண்டு. வேறுபாடு விளக்கை ஏற்றுவதில் மட்டும்தான் இருக்கிறது: முன்னதில் ஆளைக் கண்டதும் தானே ஏற்றும், பின்னதில் நாம்தான் ஏற்ற வேண்டும். திறந்த கதவைத் தாண்டி ஒருவர் நடந்து போகிறார், வெற்றுக் கூட்ட அறையில் விளக்குகள் எரிந்து, தாமத நேரம் முடியும் வரை யாருக்காகவும் இல்லாமல் எரிந்துகொண்டிருக்கின்றன. இந்த வீணைத் தவிர்க்கத்தான் இரண்டாவது பாங்கு. படிக்கட்டிலும் கழிப்பறையிலும் அதை வைக்கக் கூடாது, இருட்டில் சுவரைத் தடவ நேரும். தேர்வு செய்பவருக்குத் தேவையான செய்தி, ஏற்றுவது யார் என்பதே. இரண்டாவது பாங்குக்குக் 'காலியிடப் பாங்கு' என்று முன்மடல் ஒன்றில் வந்த பரிந்துரை வேலைவாய்ப்பு விளம்பரத்தைத்தான் நினைவூட்டுகிறது. நான் 'தானேற்று பாங்கு', 'கையேற்று பாங்கு' என்று முன்வைக்கிறேன். 'தானெரி', 'கையெரி' என்று முதலில் எண்ணினேன், பின்னது மருந்து தேட வைப்பதால் விட்டுவிட்டேன்.

உங்கள் கருத்தறிய விழைகிறேன்.

*

ஐயா, வணக்கம்.

நான் மொழியறிஞர் அல்லர், இக்கருவிகளைக் கட்டடங்களில் நிறுவி அமைவு செய்து கொடுக்கும் பொறியாளர். நிலை, அளவு, மோடு மூன்றையும் நீங்கள் பிரித்தது முழுவதும் சரி, அந்த மின்பணியாளர் செய்த தவற்றைப் பழக்கப்பட்டவர்களும் செய்வார்கள். ஆனால் மூன்று இடங்களில் உடன்பட இயலவில்லை.

கைப்பேசிகளில் 'விமானப் பயன்முறை' என்று பல ஆண்டுகளாக மக்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள். 'பயன்முறை' தயாராக இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

இரண்டாவது, 'கையேற்று' என்றதும் எனக்குத் தோன்றியது பொறுப்பைக் கையேற்பதுதான். இப்பணியில் கட்டடத்தைக் கையளிப்பதும் கையேற்பதும் அன்றாடப் பேச்சு. 'கையேற்று பாங்கில் வைக்கவும்' என்று படித்தால், ஒப்படைப்பு நாளுக்கான அமைப்பு போலும் என்றே என் குழுவினர் எண்ணுவார்கள். மேலும் இன்று விளக்கை ஏற்றுவது சுவரில் உள்ள பலகையாகவும் இருக்கலாம், செயலியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சொல் தரவில்லை. தடக் கம்பியைக் கழற்றிய மறுகணம் தளம் முழுவதும் முழு ஒளியில் எரிவதைக் கண்டு பதறி அழைக்கும் வாடிக்கையாளருக்கு நான் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

*

அன்புள்ள பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் இரண்டாவது மறுப்பை அப்படியே ஏற்கிறேன். 'கையேற்று' போகட்டும். 'விசையேற்று பாங்கு' என்று வைத்தால், சுவர் விசையானாலும் திரையில் வரையப்பட்ட விசையானாலும் பொருந்தும். 'ஆளி' என்ற ஈழத்துச் சொல்லையும் எண்ணிப் பார்த்தேன், சுவிட்சுக்கு அழகான சொல் அது. ஆனால் ஆள், ஆளிருப்பு, ஆளுணரி என்று சொற்கள் குவிந்திருக்கும் பக்கத்தில் ஆளியையும் விட்டால் கண் தடுக்கி விழும்.

எழுத்துப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'தானேற்றுப் பாங்கு' என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டாம். இங்கே 'ஏற்று' என்பது உயர்த்து, கொளுத்து என்னும் வினையடி, ஆகவே வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஒற்று இட்டால் 'ஏல்' என்பதன் எச்சமாகி 'ஏற்றுக்கொண்டு' என்ற பொருளுக்குப் போய்விடும். தாங்கள் கையேற்பை நினைத்ததும் அந்த வழியில்தான்.

பயன்முறை குறித்து என் தயக்கம் நீடிக்கிறது. கைப்பேசியில் பயன்படுத்துபவர் ஒருவர் எப்போதும் கையில் வைத்திருக்கிறார், அவர் பயன்படுத்தும் முறை என்று சொன்னால் இசைகிறது. இங்கே இரவு இரண்டு மணிக்கு யாருமற்ற தளத்தில், எவரும் பயன்படுத்தாத நேரத்தில் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் பெயரிடுகிறோம். ஆயினும் தேடுபவர்கள் 'பயன்முறை' என்றே தட்டச்சிடுவார்கள் என்பது உண்மை. ஆகவே உதவிப் பக்கத்தின் தேடலில் அச்சொல்லும் 'மோடு' என்ற எழுத்துப்பெயர்ப்பும் இயங்குபாங்குக்கே கொண்டுவந்து விடுமாறு கேட்டுக்கொள்கிறேன். களத்தில் தங்கள் குழுவினர் மோடு என்றே பேசட்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை.

இணைப்பு அறுவதில் இரண்டு வேறு பொருள்கள் கலந்திருக்கின்றன. தாங்கள் சொன்ன முழு ஒளி, டாலியில் ஒவ்வொரு விளக்கும் தன்னிடம் வைத்திருக்கும் ஒரு எண்ணின் விளைவு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 254 என இருப்பதால்தான் தடம் செத்தவுடன் அனைத்தும் முழுதாக எரிகின்றன. அது அளவு, பாங்கு அன்று. அதற்கு 'இணைப்பிழப்பு ஒளியளவு' என்று பெயரிடலாம், வாடிக்கையாளரிடமும் 'இணைப்பிழப்பு அளவு முழுமையில் வைக்கப்பட்டிருக்கிறது, மாற்றித் தருகிறோம்' என்று சொல்லிவிடலாம். நுழைவாயிலோடு தொடர்பு போன பின்னும் தன் உணரியை வைத்துத் தானே முடிவெடுத்து இயங்கும் கருவிகளும் உண்டு. அவ்வாறு இயங்குவது பாங்குதான், அதைத் 'தனித்தியங்கு பாங்கு' எனலாம்.

ஆளைக் கண்டதும் முழுதாக அன்றிப் பாதியளவு மட்டும் தானே ஏற்றி, மிச்சத்தை விசைக்கு விட்டுவைக்கும் அமைப்பைப் 'பகுதியேற்று பாங்கு' என்று எழுதியிருக்கிறேன். விசையேற்று பாங்கில் விளக்கு அணைந்த சில நொடிகளுக்குள் ஆள் அசைந்தால், விசையைத் தொடாமலே மீண்டும் எரிய விடும் இடைவெளி ஒன்று பல கருவிகளில் இருக்கிறது. அசையாமல் படித்துக்கொண்டிருந்தவர் இருளில் கையை வீசுவாரே, அவருக்கானது. அதற்கு 'மீளேற்று நேரம்' என்று வைத்திருக்கிறேன். மங்கிய ஒளியில் நீடிக்கும் நிலைக்கு இப்போது இருக்கும் 'நீட்டிப்பு நிலை' எனக்கே நிறைவளிக்கவில்லை, தாமத நேரத்தை நீட்டிப்பதாக அது ஒலிக்கிறது. திரைச்சொற்களை வரும் திங்களன்று ஒப்படைக்க வேண்டும், அதற்குள் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.