ஹாலோபாக்டீரியத்தின் சிவப்பு நிறமி கரைப்பானுக்கு வர மறுக்கிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஹாலோபாக்டீரியம் சலினாரம் என்னும் தொல்லுயிரியை (பாக்டீரியாவைப் போலத் தோன்றும், ஆனால் வேறு வகையைச் சேர்ந்த ஒற்றைச்செல் நுண்ணுயிர்), 25 சதவீத உப்பும் மக்னீசியமும் கொண்ட ஊடகத்தில் 37 டிகிரி செல்சியஸில் வளர்த்து வருகிறேன். மையவிலக்கியில் சுழற்றியதும் செல்கள் செங்கல் நிறத்தில் அடியில் படிகின்றன. ஆனால், டுனலியெல்லா பாசியிலிருந்து பீட்டா கரோட்டின் எடுக்கும் முறைப்படி ஹெக்சேன் என்னும் கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கினால், மேலடுக்கில் வெளிர் மஞ்சள் மட்டுமே ஏறுகிறது. உப்பை நீக்கக் காய்ச்சி வடித்த நீரில் கழுவினால், செல்கள் சளி போலக் குழைந்துவிடுகின்றன. இதற்கிடையே, புதிய வளர்ப்பு பால் கலந்த இளஞ்சிவப்பாக இருக்கிறது. நிறமி எங்கே போகிறது?

மறுமொழி 1:
நிறமி செல்லிலேயே இருக்கிறது. கரைப்பான்தான் அதற்குப் பொருந்தவில்லை. இவ்வுயிரியின் முதன்மை நிறமி பாக்டீரியோரூபரின். பீட்டா கரோட்டின் 40 கார்பன் கொண்ட, ஆக்சிஜனே இல்லாத மூலக்கூறு. பாக்டீரியோரூபரினோ 50 கார்பனும் நான்கு ஹைட்ராக்சில் தொகுதிகளும் உடையது என்பதால், ஹெக்சேனைவிட முனைவுத்தன்மை (மூலக்கூறுக்குள் மின்னேற்றம் சமமின்றிப் பரவியிருக்கும் தன்மை) மிகுந்த கரைப்பானையே நாடும். அசிட்டோனையும் மெத்தனாலையும் சம அளவில் கலந்து, வெளிச்சம் படாமல், குளிர்ச்சியாக வைத்துப் பிரித்தெடுங்கள். மஞ்சளாக ஏறியது, ஒளியை உணரும் புரதங்களில் இணைந்திருக்கும் ரெட்டினல் என்னும் மூலக்கூறுக்கு முன்னோடியாகச் செல்லில் சிறிதளவு இருக்கும் பீட்டா கரோட்டினாக இருக்கலாம்.

செல்களை வெறும் நீரில் கழுவ வேண்டாம். உப்பு குறைந்ததும் உறை சிதைந்து டி.என்.ஏ. வெளியே கொட்டுவதால்தான் அந்தச் சளி உண்டாகிறது. ஊடகத்தின் அதே செறிவுள்ள உப்புக் கரைசலில் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் உப்பு கரைப்பானில் வெண்பொடியாக விழும். அதை மீண்டும் சுழற்றி ஒதுக்கிவிடலாம். பிரித்தெடுத்த கரைசலின் ஒளி உறிஞ்சல் நிறமாலையில் ஏறத்தாழ 467, 494, 527 நானோமீட்டரில் மூன்று உச்சிகள் தெரிந்தால், கிடைத்தது பாக்டீரியோரூபரின்தான்.

மறுமொழி 2:
பால் நிறத்துக்குப் பெரும்பாலும் செல்களுக்குள் இருக்கும் வாயுக் குமிழறைகளே காரணம். அவை ஒளியைச் சிதறடித்துச் சிவப்பை மறைக்கின்றன. சிறிதளவு வளர்ப்பை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முனையை அடைத்து, உந்துதண்டை அழுத்திப் பாருங்கள். குமிழறைகள் நொறுங்கி, கலங்கல் சட்டென்று தெளியும். அப்படித் தெளிந்தால் நிறமி குறைந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டியதில்லை. அடர்ந்த உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதையும் மறக்காமல், குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் நன்கு அசையுங்கள். ஆக்சிஜன் குறைந்து ஒளியும் பட்டால் பாக்டீரியோரொடாப்சின் என்னும் ஊதாப் புரதம் பெருகும். கரைப்பானில் அந்த ஊதா அழிந்துவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஊடகத்தின் உப்பைக் குறைத்தால் நிறமி கூடும் என்று படித்தேனே, அதைச் செய்து பார்க்கலாமா?

மறுமொழி 1:
அது ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனி என்னும் வேறொரு தொல்லுயிரியை வைத்துக் கண்டது. அவ்வுயிரி உப்புக் குறைவைத் தாங்கி, அந்த நெருக்கடியில் கூடுதல் நிறமியை உண்டாக்கும். உங்களுடையதில் அவ்வளவு குறைத்தால் குடுவைக்குள்ளேயே சளிதான் மிஞ்சும்.