இசை கற்க முதலில் தியரியா, மென்பொருளா?

குழித்துறை_கீபோர்டு:
சர்ச்சில் 4 வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். எல்லாம் காதால் கேட்டுப் பிடித்ததுதான், யாராவது ஒரு கட்டை ஏற்றிப் பாடினால் ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பட்டனைத் தேடத்தான் தெரியும். ஒரு வகுப்பில் 6 மாதம் பணம் கட்டினேன். பரீட்சைக்கான 3 பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார்களே தவிர, அந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஏன் அங்கே வருகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. தியரியும் வேண்டும், சொந்தமாகப் பாட்டு தயாரிக்கவும் வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

தக்கலை_ஆர்கன்:
தம்பி, முதலில் தியரி. மியூசிக்தியரி.நெட் தளத்தில் பாடங்கள் இலவசம். ஸ்டாஃப் (சுரம் எழுதும் ஐந்து கோடுகள்), கிளெஃப் (அதன் தொடக்கக் குறி), இன்டர்வெல் (இரு சுரங்களுக்கு இடையிலான தூரம்), ட்ரையட் (மூன்று சுரக் கார்டு) என்று வரிசையாகப் போகும், பயிற்சியும் உண்டு. அது முடியும்வரை எந்த மென்பொருளையும் திறக்காதே. லூப்பை (தயாராக உள்ள இசைத் துண்டை) இழுத்து ஒட்டியே பழகியவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன், 8 பார் (தாளச் சுற்று) தாண்டினால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள்.

குளச்சல்_பீட்:
இதை ஒத்துக்கொள்ள முடியாது அண்ணே. இன்டர்வெல்லைத் தாளில் படிக்கிறவனுக்கு அது கணக்கு, பியானோ ரோலில் (சுரங்களைக் கட்டங்களில் காட்டும் மென்பொருள் திரையில்) பார்க்கிறவனுக்கு அது சத்தம். சி சுரத்திலிருந்து 4 கட்டம் மேலே இ சுரம், அதை ஒரு கட்டம் இறக்கினால் மேஜர் கார்டு மைனராகிறது, கண்ணும் காதும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஏபிள்டன் நிறுவனத்தின் 'லேர்னிங் மியூசிக்' தளம் பிரவுசரிலேயே ஓடும். அப்புறம் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைப் போடு தம்பி, 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர், பழைய லேப்டாப்பிலும் ஓடும். எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் முழுக்க இலவசம், ஆனால் குரல் பதிவுக்குச் சரிவராது.

கீபோர்டை அழுத்தியபின் சத்தம் தாமதமாக வந்தால் பயந்துவிடாதே. 44,100 சாம்பிள் ரேட்டில் (வினாடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகள்) பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் மாதிரிகள்) 1024 என்றால் 23 மில்லிசெகண்ட் அதிலேயே போய்விடும். ஆசியோ4ஆல் என்ற ஒலி டிரைவர் போட்டு 256-க்கு இறக்கினால் 6-க்குக் கிட்டே வரும். மிக்ஸ் செய்யும்போது திரும்ப ஏற்றிவிடு.

தக்கலை_ஆர்கன்:
அதெல்லாம் சரி, நாலு குரலை நகர்த்தும் முறை பியானோ ரோலைப் பார்த்தால் வந்துவிடுமா? பாடகர் குழு வைத்திருக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன் ட்யூன் புத்தகத்தைக் கேட்டு வாங்கு தம்பி. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நாலும் அதில் இருக்கும். கடைசி வரி முடிகிற இடத்தைப் பார். 'ப'வில் எழும் ஐந்தாம் கார்டிலிருந்து 'ஸ'வில் எழும் முதல் கார்டுக்குப் போகும்போது பேஸ் தாவும், 'நி' அரைக்கட்டை ஏறி 'ஸ'வில் சேரும், பெரும்பாலும் நடுவில் ஒரு குரல் அசையாமல் 'ப'விலேயே நிற்கும். நூறு பாட்டில் இதைப் பார்த்துவிட்டால் ஹார்மனி கைக்கு வந்துவிடும்.

தோவாளை_வில்லிசை:
தியரி என்றாலே மேற்கத்தியது மட்டும்தானா? மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மானிக் மைனர் கீரவாணி. 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) அட்டவணையை ஒருமுறை எழுதிப் பார்த்தாலே ஸ்கேல் பற்றிய பயம் போய்விடும். கீபோர்டில் அந்தர காந்தாரம் ('ஸ'விலிருந்து 4 அரைக்கட்டை மேலே) 400 சென்ட் (ஒரு அரைக்கட்டைக்கு 100), தம்புராவோடு இழைகிற காந்தாரம் 386. அந்த 14 சென்ட் காதுக்குத் தெரியும்.

இன்னொன்று. கோயில் கொடை நாட்களில் வில்லுப்பாட்டுக்கு உடுக்கை அடிப்பவன் நான். அதைப் பதிவு செய்து குவாண்டைஸ் (அடிகளைத் தாளக் கட்டத்துக்கு நகர்த்தும் வசதி) அழுத்தினேன், அடியெல்லாம் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, துள்ளல் போய்விட்டது.

குளச்சல்_பீட்:
100 சதவீதம் வைத்தால் அப்படித்தான் ஆகும் அண்ணே. 40, 50 வைத்துப் பாருங்கள். உண்மையில் உடுக்கைக்கு அதுவும் வேண்டாம், உங்கள் அடியை அப்படியே வைத்து மற்றதை அதற்கு ஏற்ப நகர்த்துங்கள்.

குழித்துறை_கீபோர்டு:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரே ஒரு கீர்த்தனையை எடுத்து மியூஸ்ஸ்கோரில் (சுரம் எழுதும் மென்பொருள், இதுவும் இலவசம்) நாலு குரலையும் ஏற்றி, அதை மிடியாக (சுரக் குறிப்புக் கோப்பாக) ரீப்பருக்குக் கொண்டுவந்தேன். நேற்று டெனரை மட்டும் மியூட் செய்து கேட்டபோது மூன்றாவது பாரில் ஒரு கார்டு மேஜரா மைனரா என்றே தெரியாமல் வெறுமையாக நின்றது. பார்த்தால் அதை முடிவு செய்யும் காந்தாரம் டெனரிடம் மட்டும்தான் இருந்திருக்கிறது. 4 வருடமாக அதே இடத்தில் அதை வாசிக்காமல் விட்டுக்கொண்டிருந்தேன்.

தக்கலை_ஆர்கன்:
அடுத்து பேஸை மியூட் செய்து கேள். ஆனாலும் சொல்கிறேன், இன்டர்வெல் பாடத்தை முடித்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும்.

குளச்சல்_பீட்:
தெரிந்திருக்கும் அண்ணே, ஆனால் கேட்டிருக்காது.