சிறுவயதுத் துன்பங்களும் நடுவயதில் வரும் நோய்களும்: ஒரு சந்தேகம்

கேள்வி – ஆற்றங்கரை
எனக்கு வயது 44. தந்தையின் குடியும் அடியுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவன். சிறுவயதுத் துன்பங்களைப் பற்றி இணையத்தில் வலம்வரும் பத்துக் கேள்விகளுக்கு விடையளித்ததில் எனக்கு 6 மதிப்பெண் வந்தது. நான்கைத் தாண்டினாலே இதயநோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். என்றோ முடிந்துபோன ஒன்று இன்றைய உடலை எப்படிப் பாதிக்கும்? இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

மறுமொழி – குறிஞ்சி
அந்தக் கேள்விகளின் தொடக்கம் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இருக்கிறது. 1980களில் அங்கே கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் உடற்பருமன் சிகிச்சைப் பிரிவை நடத்திவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் விலகுவது ஏன் என்று விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பது தெரியவந்தது. பிறகு அவரும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டினர். 1998இல் வெளியான முதல் கட்டுரையின்படி, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம், எதையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இதயநோய், நுரையீரல் நோய் ஆகியவற்றிலும் அந்தத் தொடர்பு தெரிந்தது. ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் காப்பீடு உள்ள, கல்லூரிப் படிப்பைத் தொட்ட வெள்ளையர்கள் என்பதால், எல்லாம் வறுமையின் விளைவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

மறுமொழி – தாழம்பூ
பாதிப்பு இரண்டு வழிகளில் வருகிறது. புகையும் குடியும் அளவுமீறிய உணவும் பலருக்கு வலியைத் தணிக்கும் மருந்தாகத் தொடங்கியவை என்பது ஒன்று. மற்றது உடலுக்குள்ளேயே நடப்பது: வளரும் வயதில் ஓயாத அச்சத்தில் இருக்கும் குழந்தையின் உடலில் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோல் உள்ளிட்ட சுரப்புகளின் ஒழுங்கு மாறக்கூடும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்குள்ளானவர்களுக்கு 32 வயதில் இரத்தத்தில், இதயநோயுடன் தொடர்புள்ள அழற்சியைக் (உடலின் உள்வீக்கத்தைக்) காட்டும் குறியீடுகள் கூடுதலாக இருந்தன.

மறுமொழி – மேற்குத்தெரு
இவையெல்லாம் கூட்டத்தைப் பற்றிய கணக்குகள். தனிமனிதருக்கு நோய் வருமா என்று சொல்ல இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் ஆண்டாவே சக ஆய்வாளர்களுடன் எழுதினார். ஒருமுறை வாங்கிய அடிக்கும் பத்தாண்டு வாங்கிய அடிக்கும் இதில் ஒரே மதிப்பெண்தான். அணைத்துக்கொண்ட பாட்டி ஒருவர் இருந்தாரா என்று அது கேட்பதே இல்லை. உங்கள் இதயத்தைப் பற்றி இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவை சொல்வதே மேலும் தெளிவானது. ஆனாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கமின்மையோ பதற்றமோ இருந்தால் அவர் மனநல ஆலோசனைக்கு அனுப்ப அது உதவும்.

ஆற்றங்கரை
நன்றி. புகைப்பழக்கம் இல்லை, தூக்கம்தான் சிக்கல். வெளியே வரிசை காத்திருக்கும்போது மருத்துவரிடம் இதை எப்படித் தொடங்குவது?

குறிஞ்சி
விவரமெல்லாம் வேண்டாம். "சிறுவயதில் வீட்டில் வன்முறை இருந்தது, இப்போதும் தூக்கம் சரியில்லை" என்று ஒரு தாளில் எழுதி, இரத்த அழுத்தக் குறிப்புகளுடன் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மேற்கொண்டு அவர் கேட்பார். கேட்காவிட்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.