கலாச்சார நாள் கொண்டாடினோம், மறுநாளே அவரவர் மூலைக்குப் போய்விட்டார்கள்

கரும்பலகை:
ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். நாலைந்து தாய்மொழிகள், வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. "பண்பாட்டிடைத் திறன் வளர்க்க வேண்டும்", அதாவது வேறு பண்பாட்டுக்காரரைப் புரிந்துகொண்டு பழகும் திறன் வேண்டும், என்று மேலிருந்து சொன்னதால் போன மாதம் கலாச்சார நாள் வைத்தோம். உடை, ஆட்டம், பாட்டு, சுவர் முழுக்கப் படம் என்று நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் பார்த்தால் பழையபடி தனித்தனிக் கூட்டம். ஒரு பையன் புதிதாக வந்தவனைக் காட்டி, "அவங்க அப்படித்தான் டீச்சர், முகத்தைப் பார்த்தே பேச மாட்டாங்க, திமிரு" என்கிறான். இதையெல்லாம் வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியுமா, இல்லை வளர வளரத் தானாக வரட்டும் என்று விட்டுவிடுவதா?

நடுபெஞ்சு:
தானாக வராது டீச்சர். பக்கத்தில் உட்கார வைத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறோம். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே இதற்கு நிபந்தனை போட்டுவிட்டார்: பழகும் இடத்தில் இரு தரப்பும் சமமாக இருக்க வேண்டும், பொதுவாக ஒரு இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். உங்கள் விழாவில் கடைசியது மட்டும்தான் இருந்திருக்கும். ஒருத்தர் மேடையில் ஆட மற்றவர்கள் கைதட்டினால் அது வேடிக்கை, பழக்கம் இல்லை.

ஜிக்சா முறையை முயன்று பாருங்கள். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டை ஓயவில்லை, அதற்காக எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவர் மாணவர்களும் உருவாக்கியது. ஐந்தாறு பேர் ஒரு குழு, பாடத்தை அத்தனை துண்டாக்கி ஆளுக்கு ஒன்று. அடுத்தவன் சொல்வதைக் கேட்காவிட்டால் பரீட்சையில் அந்தப் பகுதி போச்சு. அன்பாக இரு என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, தேவை வந்தால் காது திறக்கும்.

ஒற்றையடிப்பாதை:
ஜிக்சா நல்லதுதான், ஆனால் நான் முதல் தடவை செய்தபோது சொதப்பிவிட்டேன். மொழி திணறும் ஒரு பெண் தன் பகுதியைச் சொல்ல முடியாமல் நிற்க, குழுவே அவள் மேல் எரிச்சலானது. தப்பு என்னுடையது. ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் வந்து முதலில் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும், அப்புறம்தான் தன் குழுவுக்குத் திரும்ப வேண்டும். அந்தப் படியை நேரமில்லை என்று விட்டுவிட்டேன். இன்னொன்று, அந்தப் பையனின் "திமிரு" இருக்கிறதே, உங்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கண்ணால் பார்த்தது என்ன? புதிதாக வந்தவன் தரையைப் பார்த்துப் பேசினான், அவ்வளவுதான். அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? கூச்சம், மொழி பயம், அல்லது பெரியவர் கண்ணை நேராகப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்திருக்கலாம். இதற்கெல்லாம் பிறகுதான் நல்லதா கெட்டதா என்ற பேச்சு. ஆனால் ஆள் பெயர் சொல்லாமல், வேறு ஒரு சம்பவமாக மாற்றிக் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் புதுப் பிள்ளை காட்சிப் பொருளாகிவிடும்.

"எல்லோரும் மனிதர்கள்தானே" என்று முடித்துவிடவும் வேண்டாம். பண்பாட்டு வித்தியாசத்தை ஒருவர் எப்படிப் படிப்படியாகப் புரிந்துகொள்கிறார் என்று மில்டன் பென்னெட் என்ற ஆய்வாளர் 1986இல் சொன்ன ஆறு படிகளில் அது மூன்றாவதுதான், வித்தியாசத்தைத் துடைத்துவிட்டு நிம்மதியாகும் இடம்.

கரும்பலகை:
சரி, ஆனால் இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? அதையும் கேட்கிறார்கள்.

நடுபெஞ்சு:
போடாமல் இருந்தால் நல்லது. மார்க் என்றதும் பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த பதிலை எழுத ஆரம்பித்துவிடும். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த கவுன்சில் ஆஃப் யூரோப் என்ற அமைப்பு 2009இல் ஒரு குறிப்பேடு வெளியிட்டது. வேறு பண்பாட்டுக்காரரோடு நடந்த ஒரு சந்திப்பை மாணவரே எழுதி, எனக்கு என்ன தோன்றியது, அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசிப்பது. அதை எழுதச் சொல்லுங்கள், படியுங்கள், திருத்தாதீர்கள். மேலே காட்ட ஏதாவது வேண்டுமென்றால் அந்த நோட்டையே காட்டலாம், பிள்ளைகள் சம்மதித்தால்.

ஒற்றையடிப்பாதை:
அப்புறம் ஒன்று, குழுவை அவர்களே பிரித்துக்கொள்ள விடாதீர்கள். விட்டால் அதே மூலைகள்தான்.