புதுப்பிப்பு: தங்கையின் பிரஷரும் அந்த இரத்தப் பரிசோதனையும்

சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்: புதுக்குடியிருப்பில் இருக்கும் என் தங்கைக்குக் கர்ப்பத்தின் 33ஆம் வாரத்தில் பிரஷர் 140/90ஐத் தாண்டிவிட்டது; முன்சூல்வலிப்பு (கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறித் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும் நோய்) வருமா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லுமா? பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

சொல்லும், ஓரளவுக்கு. நஞ்சுக்கொடிக்கு இரத்த ஓட்டம் குறையும்போது எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதம் தாயின் இரத்தத்தில் ஏறுகிறது; இரத்தக் குழாய்களைப் பேணும் பி.எல்.ஜி.எஃப் என்ற புரதம் இறங்குகிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. 38ஐத் தாண்டினால் நிச்சயம் வரும் என்று பொருளில்லை. இதைத்தான் நான் முதலில் தவறாக விளங்கியிருந்தேன்.

எங்களுக்கு அந்தப் பரிசோதனை கிடைக்கவில்லை. சிறுநீரில் புரதம், குருதிச் சிறுதட்டுகள், ஈரல் நொதியங்கள் ஆகியவற்றையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஆனால் தங்கையைக் காப்பாற்றியது, வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் கேட்ட கேள்வி: "பிள்ளை, தலை இடிக்கிறதா? கண் மங்குகிறதா?" ஆபத்தின் அறிகுறிகளான அவை இரண்டும் இருந்தன. அன்றிரவே முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனோம்.

36ஆம் வாரத்தில் மகள் பிறந்தாள், 2.1 கிலோ. பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் ஏறலாம் என்பதால் காலையும் மாலையும் இன்னும் அளக்கிறோம்.